தே-ஓ நிறத்தில் சிறுநீர்: மகனுக்கு ஐஜிஏ சிறுநீரக நோய் என்று தெரிந்த கதை

"அம்மா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கழிவறையிலிருந்து மகன் கூப்பிட்டான். தண்ணீர் விடாமல் வைத்திருந்தான். காப்பிக்கடைத் தே-ஓ (பால் விடாத தேநீர்) மாதிரி நிறம், மேலே நுரை. 17 வயதுப் பையன் இதை அம்மாவிடம் காட்டுகிறான் என்றால் எவ்வளவு பயந்திருப்பான்! எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. வலியோ எரிச்சலோ இல்லை. முந்தைய நாள் தொண்டை வலியும் காய்ச்சலும் இருந்தன, அவ்வளவுதான்.

பக்கத்து கிளினிக்கில் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் நிறம் தெளிந்ததும் மருந்துதான் கேட்டது என்று நம்பினேன். இந்த நோயில் அது தானாகவே தெளியும் என்பது அப்போது தெரியாது. நாலு மாதம் கழித்து மறுபடி தொண்டை வலி, மறுநாளே அதே நிறம். இந்த முறை நான் விடவில்லை. இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் என்னும் அரசாங்க கிளினிக்குக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கினேன். அந்த வழியாகப் போனால் அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க மானியக் கட்டணம்.

சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "தொண்டை வலிக்கும் நிறம் மாறியதற்கும் நடுவில் எத்தனை நாள்?" நல்லவேளை, இரண்டு தடவையும் சமையலறைக் காலண்டரில் குறித்திருந்தேன். ஒரு நாள். ஒன்றிரண்டு வாரம் கழித்து வந்திருந்தால், தொண்டைக் கிருமிக்குப் பின்னால் வரும் வேறொரு சிறுநீரக அழற்சியை நினைத்திருப்பாராம். உடனே வருவது ஐஜிஏ நெஃப்ரோபதியின் குணம். ஆனாலும் திசுவை எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

பயாப்சி அன்று மகனைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தினார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னதும் 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டேப்ளர் அடிப்பது போல என்றான். பிறகு ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். ஒவ்வொரு தடவை போன சிறுநீரையும் தாதி கண்ணாடி போன்ற குவளைகளில் வரிசையாக வைத்தார், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க. முதல் குவளை இளஞ்சிவப்பு. அடுத்தடுத்து வெளுத்துக்கொண்டே வந்து, சாயங்காலம் பார்லித் தண்ணீர் நிறத்துக்கு வந்த பிறகுதான் நான் சாப்பிடப் போனேன்.

முடிவு ஐஜிஏதான். தொண்டையையும் குடலையும் காக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம் ஐஜிஏ. சிலருக்கு அதில் ஒரு பகுதி, சேர வேண்டிய சர்க்கரை மூலக்கூறு குறைந்து உருவாகிறது. உடம்பு அதையே அந்நியமாக நினைத்து இன்னொரு எதிர்ப்புப் பொருளை ஏவ, இரண்டும் கட்டியாகச் சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் படிகின்றன. அங்கே அழற்சி வந்து ரத்தமும் புரதமும் கசிகின்றன. எடுத்த திசுவில் ஒளிரும் சாயம் ஏற்றினால்தான் அந்தப் படிவு ஐஜிஏ என்று அடையாளம் தெரியும். 1968-இல் பாரிஸில் பெர்ஜே, ஆங்லே என்ற இரு மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்களாம். எங்கள் சொந்தத்தில் யாரும் கேள்விப்படாத நோய். ஆனால் வடிகட்டி அழற்சிகளில் ஆசியாவில் அதிகம் காணப்படுவது இதுதான் என்றார் மருத்துவர். தேசிய சேவைக்கு (இளைஞர்களுக்கான கட்டாயப் படைச் சேவை) முந்தைய சிறுநீர்ப் பரிசோதனையில், எந்த அறிகுறியும் இல்லாமலே பல பையன்களுக்கு இது தெரிய வந்திருக்கிறது.

ரத்தத்தைக் கண்டுதான் நான் நடுங்கினேன். மருத்துவர் கவனித்ததோ நுரையை, அதாவது புரதத்தை. ஒரு நாளைக்கு 1.1 கிராம் போய்க்கொண்டிருந்தது. லோசார்ட்டான் மாத்திரை கொடுத்தார். ரத்த அழுத்த மாத்திரைதான். வடிகட்டிக்குள் அழுத்தத்தைத் தணித்துப் புரதக் கசிவையும் குறைக்கும். பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்க இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. ஸ்டீராய்டு இப்போதைக்கு வேண்டாம். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது.

உப்புதான் பெரும்பாடு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், இன்ஸ்டன்ட் மீ எல்லாம் நிறுத்தம். ரசத்தில் பாதி உப்புப் போட்டு, புளியையும் மிளகையும் கூட்டினேன். முதல் வாரம் முகம் சுளித்தவன் இப்போது வெளியில் சாப்பிட்டால் கரிக்கிறது என்கிறான்.

எட்டு மாதத்தில் புரதம் 0.4 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலைச் சிறுநீரை அவனே பாட்டிலில் பிடித்து எடுத்து வருகிறான். அடுத்த மாதம் தேசிய சேவை மருத்துவப் பரிசோதனை. பயாப்சி அறிக்கையின் நகலை அவன் கோப்பில் வைத்துவிட்டேன்.