கை வெளிய இருக்கா?

நான் ஒப்பரேஷன் தியேட்டர்ல நேர்ஸ். ஜூன் மாச மழையில ஒரு ராத்திரி தலவாக்கலை பக்கத்து தேயில தோட்டத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, கொழுந்து மலையில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சிருந்திச்சி. டொக்டர் கம்பி ஏத்துறாரு, நான் அந்த கைய இழுத்து புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், சி-ஆர்ம்ங்கிறது ஒப்பரேஷன் நடக்கிறப்பவே எக்ஸ்ரே படம் காட்டுற மெஷின், அதோட பெடல மிதிச்சதும் ஸ்கிரீன்ல அந்த அம்மாவோட எலும்புக்கு பக்கத்துல இன்னும் மூணு விரல் எலும்பு தெரியுது. யாரோடதுன்னு பாத்தா என்னோடதுதான், என் விரல் மூட்டு ஒவ்வொண்ணும் அவ்வளவு தெளிவா!

எக்ஸ்ரே கதிர தடுக்கிற ஈய ஏப்ரன் போட்டிருந்தேன், கழுத்துக்கு கொலர் இருந்திச்சி, நெஞ்சில கதிர் எவ்வளவு படுதுன்னு அளக்கிற பேட்ஜும் இருந்திச்சி. ஆனா ஏப்ரனுக்கு உள்ள குத்தியிருக்கிற பேட்ஜுக்கு என் கையில பட்டது எப்படி தெரியும்? கைக்கு வருஷத்துக்கு 500 மில்லிசீவர்ட் (கதிர அளக்கிற அலகு)தான் எல்லைன்னு வச்சிருக்காங்க, அத அளக்க விரல்ல போடுற மோதிர பேட்ஜ் வேணும், மூணு தடவ எழுதி குடுத்தாச்சி, இன்னும் ஒரு பதிலும் இல்ல.

ஈய கிளவுஸ் போட்டா சரிதானேன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சிக்கிட்டு இருந்தேன். பக்கவாட்டுல சிதறி வர்ற கதிருக்கு அது ஓரளவு உதவும், ஆனா நேரா கதிர் போற எடத்துல கிளவுஸோட கைய வச்சா படம் இருட்டா வருதுன்னு மெஷின் தானாவே கதிர கூட்டிரும், கடைசியில நோயாளிக்கும் கூட போகும், நம்ம கைக்கும் கிளவுஸால கெடைக்கிற பாதுகாப்பு கொறஞ்சிரும். அதனால கைய உள்ள வைக்காம இருக்கிறதுதான் முதல் வேல. புடிக்கணும்னா நீளமான ஃபோர்செப்ஸால புடிக்கலாம், இல்லாட்டி பட்டிய கட்டி இழுக்கலாம். படத்த தேவையான அளவுக்கு சுருக்கிட்டா கதிர் படுற எடமும் சின்னதாயிரும். முடிஞ்ச மட்டும் கதிர் கெளம்புற டியூப் மேசைக்கு கீழ இருக்கணும், ஏன்னா நோயாளி உடம்புல பட்டு சிதறுறது டியூப் இருக்கிற பக்கம்தான் கூட. தூரத்த ரெண்டு மடங்காக்கினா கதிர் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்காயிரும், அதனால பின்னால ஒரு எட்டு வைக்கிறது சும்மா இல்ல.

எடிசன்கிட்ட வேல செஞ்ச கிளாரன்ஸ் டாலி எக்ஸ்ரே டியூப் சரியா வேல செய்யுதான்னு தன் கைய வச்சே வச்சே பாத்தவரு. மொதல்ல புண்ணு, பொறகு புற்றுநோய், ரெண்டு கையையும் எடுத்தும் 1904ல எறந்துட்டாரு, வயசு 39தான். அன்னைக்கி அவருக்கு யாரும் சொல்லல, நமக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தும் கைய உள்ள விடுறோமேன்னு நெனச்சாத்தான் வயிறு எரியுது.

எங்கம்மா கொழுந்து எடுக்க போறப்ப அட்டைக்கு காலுல சவர்க்காரம் தேச்சிட்டு போவாங்க. அட்டை கடிக்கிறதும் வலிக்காது, ஆனா வீட்டுக்கு வந்து பாத்தா ரத்தமாவது இருக்கும். கதிர் பட்டா அன்னைக்கி ஒண்ணுமே தெரியாது, சுடாது, வலிக்காது, வருஷக்கணக்குல சேந்து நகம் வெடிச்சி தோல் காஞ்சி போனப்பொறகுதான் தெரியும். தேயில கறையும் வெடிப்புமா இருக்கிற அம்மா கைய பாத்து வளந்தவ நான், அந்த கை ஒழச்ச காசுலதான் நேர்ஸுக்கு படிச்சேன். இந்த கைய நான் சும்மா விட்டுற முடியாது.

அந்த ராத்திரியில இருந்து பெடல மிதிக்க முந்தி நான் சத்தமா "கை"ன்னு சொல்லுவேன். மொதல்ல டொக்டர் ஒரு மாதிரி பாத்தாரு. நேத்து ஒரு சின்ன பையனோட முழங்கை கேஸ், பெடல்ல கால வைக்க முந்தி அவரே "கை"ன்னாரு, நான் ரெண்டு கையையும் எடுத்துக்கிட்டு பின்னால நகந்தேன், ஸ்கிரீன்ல பையனோட எலும்பு மட்டும்தான் இருந்திச்சி.