ஹெண்டனில் ஒரு நாள்: விளக்கெண்ணெயில் ஓடிய போர் விமானங்கள்

முதலில் அந்தக் கார்க்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. லண்டனில் அண்ணன் வீட்டிலிருந்து ஹெண்டனில் இருக்கும் ஆர்.ஏ.எஃப் (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகத்துக்குப் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தேன். தூறலைப் பார்த்ததும் வாடகைக் கார் பிடித்தேன். 14 பவுண்டு என்று பேசி ஏற்றியவர், ஊரைச் சுற்றிவிட்டு இறங்கும்போது 22 கேட்டார். நம் பணத்தில் இரண்டாயிரத்துக்கு மேல்! நீங்கள் கோலின்டேல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். ஆர்.ஏ.எஃப் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, அதுவரை நிம்மதி.

எதை எப்போது பார்க்கலாம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் முதல் உலகப் போர் விமானங்கள் நிற்கும் பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் நுழைந்தவன் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை.

1914-ல் போர் தொடங்கியபோது விமானத்துக்கு முக்கிய வேலை வேவு பார்ப்பதுதான். பதுங்குகுழிகளைப் படம் பிடிக்க வேண்டும், பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆடாமல் பறக்க வேண்டும். பிரிட்டனின் பி.இ.2சி அப்படியே செய்யப்பட்டது. கையை எடுத்தாலும் தானே நேராகப் போகும். 1915-ல் அந்த நல்ல குணமே எமனானது. சுட வருபவனிடமிருந்து சட்டென்று திரும்பித் தப்ப அதனால் முடியவில்லை.

அதுவரை விமானி நேர் முன்னால் சுட்டால் சொந்த ப்ரொப்பல்லரே சிதறிவிடும். பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ் அதில் எஃகுத் தகடு பொருத்தி, படும் குண்டு தெறித்துப் போகும்படி செய்தார். 1915 ஏப்ரலில் அவர் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். சில மாதங்களில் ஜெர்மனியின் ஃபோக்கர் விமானம் களத்துக்கு வந்துவிட்டது. அதில் எஞ்சின் சுழற்சியோடு துப்பாக்கியை இணைத்திருந்தார்கள். ப்ரொப்பல்லர் குறுக்கே இல்லாத கணத்தில் மட்டும் குண்டு பாயும்.

அதற்கெல்லாம் பிரிட்டனின் பதிலடியாக 1917-ல் வந்த சாப்வித் கேமல் விமானத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளின் பின்புறம் விமானியின் முகத்துக்கு எட்டும் தூரத்தில். அவற்றை மூடிய மேடுதான் ஒட்டகத் திமில், பெயரும் அதிலிருந்துதான். ப்ரொப்பல்லரோடு எஞ்சின் முழுவதுமே சுற்றும். அதற்கு மசகாக ஊற்றியது விளக்கெண்ணெய்! அது காற்றில் சிதறி விமானியின் மூக்கிலும் வாயிலும் போகும். சுற்றும் எஞ்சினின் விசையால் வலப்பக்கம் மின்னலாகத் திரும்பும். போரில் அது வரம். பழகாத கைக்கு மரணம். பயிற்சியிலேயே எத்தனையோ பையன்கள் செத்திருக்கிறார்கள்.

பக்கத்தில் எஸ்.இ.5ஏ என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானம். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் ஓட்டிய ரகம். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் வான் சண்டையில் 10 வெற்றி. அதே மாதம் 22-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. வேவு பார்க்கப் பலூனில் ஏறிய பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பாராசூட் இருந்தது. விமானிகளுக்குப் போர் முடியும்வரை கொடுக்கவில்லை. ஜெர்மானியர்கள் 1918-ல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். துப்பாக்கிக்கு இத்தனை மூளையைச் செலவழித்தவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குடை கொடுத்திருக்கக் கூடாதா? எனக்கு ஆறவே இல்லை.

அண்ணி கட்டிக் கொடுத்த புளியோதரையை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூன்றரை மணிக்குத்தான் பிரித்தேன். ஆறிப்போயும் அமிர்தம். அப்புறம் இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தை ஓட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸிலேயே வீடு திரும்பினேன்.