உப்புத்தண்ணீரில் எரிந்த விளக்கு

வவுனியாவில் பஸ் ஏறும்போதே அம்மம்மா சொல்லிவிட்டார். "அங்க போய் அதைத் தா, இதைத் தா எண்டு அம்மாளிட்டக் கேக்கப்படாது பிள்ளை. குடுக்கத்தான் போறம்." அவரது மடியில் சின்னப் பை ஒன்று. உள்ளே இரண்டு கொத்துப் பச்சையரிசி, எங்கள் காலபோக வயலில் விளைந்தது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறோம். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பியதும் பாலையும் வீரையும் வீதிக்கு நெருங்கி வந்தன. ஓரத்தில் பாலைப்பழம் விற்றார்கள். ஒரு பை வாங்கி, பால் உதட்டில் பிசுபிசுக்க முள்ளியவளை வரைக்கும் தின்றோம்.

கோயிலடியில் கால் வைக்க இடமில்லை. காவடி, பாற்செம்பு, கச்சான் கடை, இழுபடும் பிள்ளைகள். கடைகளின் ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று சண்டை பிடித்ததில் எனக்குத் தலையிடி. பக்தி வர முதல் பனடோல் தேவைப்பட்டது.

இந்தப் பொங்கலின் உயிர் கடல்நீர் விளக்கு. முல்லைத்தீவுத் தீர்த்தக்கரையில் அள்ளிய கடல்நீரை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து விளக்கெரிப்பார்கள். பொங்கலன்று மடைப்பண்டங்களோடு விளக்கும் அங்கிருந்து வற்றாப்பளைக்கு வரும். "உப்புத்தண்ணி எப்பிடி எரியும்?" என்று சின்ன வயதில் கேட்டு அம்மம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை. அந்த விளக்குக்குப் பின்னாலிருக்கும் கதைதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, நந்திக்கடல் நீரேரி ஓரத்தில் மாடு மேய்த்த பெடியளிடம் ஒரு கிழவியாக வந்தாளாம். அவர்கள் இலைகுழையால் கொட்டில் போட்டு, பாற்புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ" என்றாள். எரிந்தது. பிறகு தலை கடிக்குது, பார் என்றாளாம். மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள்!

பசியோடு வந்தது தெய்வம், சோறு போட்டது மாட்டுக்காரப் பெடியள். அப்படியென்றால் அந்த விளக்கு அவள் சொன்ன நன்றி என்றுதான் எனக்குப் படுகிறது.

சாமத்தில் மின்சாரம் ஒருமுறை நின்றது. ஒலிபெருக்கிகள் வாய் மூடின. அப்போதுதான் பறை கேட்டது. அதுவரையும் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், எங்களுக்குத்தான் கேட்கவில்லை. தோலை நெருப்பில் காய்ச்சி அடிக்கிற அந்த ஒலி காதால் வரவில்லை. மணலில் இருந்த என் தொடை வழியாக ஏறியது. பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் கோவலன் கதையில் ஏதோ ஓரிடத்தை வாய்க்குள் இழுத்து இழுத்துப் பாடினார். சொல் விளங்கவில்லை. நீரேரிப் பக்கமிருந்து ஆக்காட்டி ஒன்று கத்தியது. பறை, ஆச்சி, ஆக்காட்டி மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட்டன. எனக்குக் கண் கலங்கியது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மின்சாரம் வந்தது. கெதியாக வந்துவிட்டதே என்று நான் கவலைப்பட்ட ஒரே இரவு அதுதான்.

விடிய, நந்திக்கடலுக்கு நடந்தோம். 2009 மே மாதம், போரின் கடைசி நாள்களில், அம்மம்மா இதே தண்ணீரைக் கழுத்தளவில் கடந்து வந்தவர். தலையில் ஒரு பை, தோளில் நான். அதன்பிறகு எத்தனையோ பொங்கலுக்கு வந்தும் கரைக்கு வரமாட்டார். பஸ்ஸிலும் மற்றப் பக்கம் பார்த்தபடிதான் இருப்பார். இம்முறை தானாகவே செருப்பைக் கழற்றினார். கணுக்காலளவு தண்ணீரில் நின்று, வாழையிலையில் கட்டி வந்த புக்கையில் ஒரு பிடியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். சின்ன மீன்கள் வந்து மொய்த்தன. நாலு கொக்குகள் தள்ளி நின்று பார்த்தன.

"ஆருக்கு அம்மம்மா?"

"தண்ணிக்கு. எங்களை விட்டதெல்லே."

விடாமல் வைத்துக்கொண்டவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கரையில் வந்து குந்தினார். மிச்சமிருந்த பாலைப்பழத்தைத் தந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கடிக்குது பிள்ளை. ஒருக்காப் பாரன்."

வெள்ளை மயிரை மெல்ல விலக்கினேன்.