ரூலைத் திறந்தது யார்?

அவிநாசி, பல்லடம், பெருந்துறைப் பக்கம் உள்ள பனியன் கம்பெனிகளுக்கும் ஸ்பின்னிங் மில்களுக்கும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஏஜென்ட் என்ற ஒரு சின்ன புரோகிராம் ஓடும், அங்கே நடப்பவற்றின் பதிவுகளான லாக்குகளை எங்கள் சர்வருக்கு அனுப்பும். வாஸு என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான் பயன்படுத்துகிறோம். வருகிற அலர்ட்டுகளில் நான் அதிக நேரம் செலவிடுவது ஃபயர்வால் மாற்றங்களில்தான். நெட்வொர்க்கிலிருந்து சிஸ்டத்துக்குள் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்ப்பது ஃபயர்வால்; அதற்கு நாம் தரும் ஒவ்வொரு உத்தரவும் ஒரு ரூல். ஏனென்றால் ரூல் சேர்க்க வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. கட்டளை கொடுக்கும் கருவிகளான நெட்ஷ், பவர்ஷெல் இரண்டும் விண்டோஸோடு வருபவை. உள்ளே புகுந்தவனும் அதைத்தான் பயன்படுத்துகிறான், நம் ஆளும் அதைத்தான் பயன்படுத்துகிறார். லாக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான மாற்றங்கள் நம் ஆட்கள் செய்பவைதான். டேலி மல்டி யூசரில் திறக்கவில்லை, லேபிள் பிரிண்டர் வரவில்லை, ஸ்கேனர் ஃபோல்டரில் போடவில்லை என்றால், வருகிற சர்வீஸ் ஆள் முதலில் ஃபயர்வாலைத்தான் ஆஃப் செய்கிறார். ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அண்ணன் சொன்னார்: “ஏனுங்க தம்பி, ஆஃப் பண்ணுனாத்தானுங்க பில்லே வருது. லாரி கேட்ல நிக்குதுங்க.” அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இ-வே பில் இல்லாமல் லாரி கிளம்பாது. ஆனால் ஒரு வயலுக்குத் தண்ணீர் விட மடையைத் திறந்தால் போதும், கரையையே வெட்ட வேண்டியதில்லை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு புரோகிராமும் பேசுவதற்கு எண் போட்ட வாசல் உண்டு, அதுதான் போர்ட். டேலிக்கு மட்டும், அது கேட்கும் போர்ட்டுக்கு மட்டும், உள் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் அனுமதி கொடுத்தால் வேலை நடக்கும். மொத்தமாக ஆஃப் செய்தால், ஃபைல் பகிரும் போர்ட் 445-ம் எல்லோருக்கும் சேர்ந்து திறந்துகொள்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் சிஸ்டம் விட்டு சிஸ்டம் பரவியது அந்தப் போர்ட் வழியாகத்தான்.

ஆஃப் செய்வதாவது சத்தமாக நடக்கும், யாராவது கவனித்துவிடுவார்கள். எனக்குப் பயம் அமைதியாகச் சேரும் ஒரே ஒரு ரூல்தான். விண்டோஸில் ஃபயர்வாலுக்கென்று தனி லாக் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதில் ஒரு எண் விழும்: ரூல் சேர்ந்தால் 2004, மாறினால் 2005, அழிந்தால் 2006, எல்லா ரூலும் அழிந்தால் 2033. விண்டோஸ் 11-ல் ரூல் சேர்ப்பதற்கு 2071, 2097 என்ற எண்களும் வருகின்றன. பழைய எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் புது சிஸ்டங்களில் சேரும் ரூல்கள் கண்ணில் படாமல் போகலாம். வாஸு ஏஜென்ட்டும் இந்த லாக்கைத் தானாக எடுக்காது, அதன் கான்ஃபிக் ஃபைலில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம், லாக்கில் ரூலின் பெயரை விட எந்த யூசர், எந்த புரோகிராம் மாற்றியது என்ற இரண்டு வரிகள்தான் முக்கியம். நெட்ஷில் செய்திருந்தால் நெட்ஷ் பெயரே வரும். பவர்ஷெல்லில் செய்திருந்தால் விண்டோஸின் உள் நிர்வாகச் சேவையான டபிள்யூஎம்ஐ-யின் பெயர்தான் வரும், பவர்ஷெல் பின்னால் மறைந்துவிடும். அப்போது அதே நிமிடத்தில் 4104 என்ற பவர்ஷெல் லாக் இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்த லாக்கை முன்கூட்டியே ஆன் செய்து வைத்திருந்தால், ஓடிய கட்டளைகளின் வரிகளே அதில் கிடைக்கும்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரவு பதினொரு மணிக்கு மேல் அப்படி ஒரு அலர்ட் வந்தது. விண்டோஸின் சொந்த ரூல் போலவே பெயர். ஆனால் உள்ளே வரும் திசை, போர்ட் 3389, எந்த முகவரியிலிருந்தும் அனுமதி. 3389 என்றால் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது வேறிடத்திலிருந்தே சிஸ்டத்தை இயக்கும் வழி. ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் சிஸ்டம்தானே என்று விட முடியாது. ஒரு சிஸ்டத்தைப் பிடித்தவன் அடுத்ததற்குத் தாவ இதுவே போதும். மாற்றிய யூசர் ஒரு மெர்ச்சண்டைசர். போன் செய்தேன். “நான் ஆறு மணிக்கே கிளம்பிட்டனுங்களே அண்ணா, கோபிக்கு வந்துட்டேன்” என்றார். 4104-ல் ரூல் சேர்க்கும் வரி அப்படியே இருந்தது. அதற்குச் சற்று முன், அந்த சிஸ்டத்தில் சப்போர்ட்டுக்காகப் போட்டு வைத்திருந்த ரிமோட் மென்பொருள் வழியாக யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.

கம்பெனியில் இருந்தது செக்யூரிட்டி அண்ணன் ஒருவர்தான். சிஸ்டத்தை ஆஃப் செய்ய வேண்டாம், நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள் என்றேன். பவரை நிறுத்தினால் மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். “நீலக் கேபிளுங்களா, வெள்ளையுங்களா?” என்று பொறுமையாகக் கேட்டார். நீலம்தான். அவர் பிடுங்கியதும் ஏஜென்ட் ஆஃப்லைன் என்று காட்டியது. மற்ற சிஸ்டங்களின் லாக்குகளை விடியும் வரை பார்த்தோம், எதற்கும் தாவியிருக்கவில்லை. அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியதில் மென்பொருளுக்கு எவ்வளவு பங்கோ, போனை எடுத்த அந்த இரண்டு பேருக்கும் அவ்வளவு பங்கு.

டொமைனில், அதாவது ஒரே சர்வரின் கட்டுப்பாட்டில், இருக்கும் சிஸ்டங்களில் அந்தந்த சிஸ்டத்தில் சேர்க்கும் லோக்கல் ரூல்கள் செல்லாது என்று பாலிசியிலேயே போட்டுவிடலாம், போட்டும் இருக்கிறோம். ஆனால் எங்கள் பக்கம் பாதிக் கம்பெனிகளில் டொமைனே கிடையாது. அங்கே ஆட்களோடு பேசித்தான் வழி செய்ய வேண்டும். இப்போது சர்வீஸ் ஆட்கள் வருவதற்கு முன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போடுகிறார்கள்: எந்த சிஸ்டம், என்ன வேலை, எத்தனை மணிக்கு. அந்த நேரத்தில் வரும் ரூல் அலர்ட்டை அந்த வரியோடு ஒப்பிட்டு உடனே முடித்துவிடலாம். வரி இல்லாமல் வந்தால், மணி என்னவானாலும் அந்த யூசருக்குப் போன் போடுகிறேன்.