வாங்கில் இருந்தவர்கள்

கனடா வந்த ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுத் தம்பிமார் கேட்டார்கள். பனி, கோப்பை கழுவிய வேலை, ஸ்பொன்சர் அலுவல் எல்லாவற்றையும் முன்னைய மலர்களில் மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் அந்தக் காலத்தில் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியில் ஆடிய சிலரைப் பற்றி எழுதுகிறேன். ஜோ கார்ட்டர், ரொபேர்ட்டோ அலோமர் பற்றியல்ல. அவர்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். கல்லூரி கிரிக்கெட் அணியில் நான் பெரும்பாலும் பன்னிரண்டாவது ஆள். அதனாலோ என்னவோ, எந்த அணியைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது முறை வரக் காத்து வாங்கில் இருப்பவர்களிடம்தான்.

1987 கோடையில் வந்து இறங்கினேன். வெலஸ்லி, பார்லிமென்ட் வீதிகள் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, மாடிக் கட்டடம் ஒன்றில் பெடியன்கள் நாங்கள் நெருக்கியடித்து இருந்தோம். வேலை ஓர் உணவகத்தின் சமையலறையில். கழுவும் தொட்டிக்கு மேல் தட்டில் ஒரு ரேடியோ. மாலையானால் அதில் ரொம் சீக்கின் குரல். 1977 இல் அணி ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து ஒன்றையும் தவறவிடாமல் 4,306 ஆட்டங்களை வர்ணித்த மனிதர் அவர். இந்த ஊர் ஆங்கிலத்துக்கு என் காது பழகியது அவரால்தான். ஊரில் எல்லே என்ற மட்டைப்பந்து ஆடியவனுக்கு மூன்று வாய்ப்பும், அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதும் புதிதல்ல. நுணுக்கங்களை, அங்கே சமைத்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர் இறைச்சியைத் திருப்பிப் போட்டபடியே சொல்லித் தந்தார்.

அவர் முதலில் சொன்னது ‘மலினோர்க்’ பற்றி. அப்படி ஒரு ஆள் இல்லை. சுற்றி ஓடும் வழியில் உள்ள மூன்றாவது தரிப்பான மூன்றாம் பேஸைக் காக்க ரான்ஸ் மலினிக்ஸ், கார்த் ஓர்க் என்று இரண்டு பேர். ரசிகர்கள் இருவரையும் சேர்த்து ஒரே பெயராக்கிவிட்டார்கள். மலினிக்ஸ் இடது பக்கம் நின்று அடிப்பவர், ஓர்க் வலது பக்கம். பிட்சர் என்றால் பந்து எறிபவர்; வலது கைப் பிட்சர் எறியும் வளைபந்து வலது பக்கம் நிற்பவரை விட்டு விலகிப் போகும். இடது பக்கம் நிற்பவருக்கு அதே பந்து உள்ளே வரும், பார்த்து அடிக்கச் சுகம். அதனால் வலது கைப் பிட்சர் என்றால் மலினிக்ஸ், இடது கை என்றால் ஓர்க். ஒருவர் ஆடும் நாளில் மற்றவர் வாங்கில் இருப்பார். பல வருடம் அப்படியே ஓடியது.

1987 ஆட்டப் பருவத்தின் கடைசி வாரத்தை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலிடத்தில் நின்ற அணி கடைசி ஏழு ஆட்டத்தையும் தோற்றது. ஒக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, டெட்ரொய்ட்டில் கடைசி ஆட்டம். எங்கள் பிட்சர் ஜிம்மி கீ அருமையாக எறிந்தார். அவர்களின் லாரி ஹெர்ண்டன் வேலிக்கு மேலால் அடித்த ஒரேயொரு ஹோம் ரன்னால் 1-0 எனத் தோல்வி. அன்று கடைசியாக அடிக்கப் போனவர் கார்த் ஓர்க். எதிரே இடது கை ஃபிராங்க் ரனானா. பந்து மெதுவாகப் பிட்சரிடமே உருண்டது. ரனானா எடுத்து முதலாம் பேஸுக்குப் போட்டார், முடிந்தது. சமையல்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு, கரி பிடித்த அடுப்புத் தட்டைச் சுரண்டத் தொடங்கினார். வெகுநேரம் சுரண்டினார். பேஸ்போலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் ஓர்க் அடித்த கடைசிப் பந்தும் அதுதான். ஆடிய காலமெல்லாம் இந்த ஒரே அணிக்கு ஆடியவர்.

சரி, நல்ல நாளுக்கு வருவோம். 1992 ஒக்டோபர் 18, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம், அட்லாண்டாவில். முதல் ஆட்டம் ஏற்கெனவே தோல்வி. இதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 எனப் பின்னுக்கு நிற்கிறோம். எறிய வந்தவர் ஜெஃப் ரியர்டன்; வென்றுகொண்டிருக்கும் ஆட்டத்தைக் காத்து முடித்துக் கொடுப்பதில் அன்றைக்கு அவருக்கு மேல் எண்ணிக்கை வைத்திருந்தவர் எவருமில்லை. மனேஜர் சிட்டோ காஸ்டன் வாங்கிலிருந்து டெரெக் பெல்லை அனுப்பினார். பெல் அவசரப்படாமல் நின்று, நான்கு தவறான பந்தை அடிக்காமல் விட்டு, விதிப்படி முதலாம் பேஸுக்கு நடந்தார். அந்த நடையைப் பற்றி இன்று யாரும் கதைப்பதில்லை. அது இல்லாவிட்டால் அடுத்தது வெறும் சமநிலைதான். அடுத்து, மீண்டும் வாங்கிலிருந்து எட் ஸ்ப்ரேக். அந்த வருடத்தின் பெரும் பகுதியைச் சிரக்யூஸில் இரண்டாம் நிலை அணியில் கழித்தவர். முதல் பந்தையே இடது பக்கம் வேலிக்கு மேலால் அனுப்பினார். 5-4. எங்கள் வீட்டில் ஆட்டம் பார்த்த அத்தனை பேரும் கத்திய கத்தில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, பிறகு அவரும் இருந்து பார்த்தார்.

இதே ஸ்ப்ரேக்கின் மனைவி கிறிஸ்டன், சில வாரம் முன்புதான் பார்சிலோனா ஒலிம்பிக்கில் நீர் நடனத்தில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்றிருந்தார். நடுவர் ஒருவர் புள்ளியைத் தவறாக அழுத்தியதில் கனடாவின் சில்வி ஃபிரஷெட் இரண்டாம் இடத்துக்குப் போனார். அடுத்த வருடம்தான் அவருக்கும் தங்கம் கிடைத்தது. அந்தக் கோபம் ஆறாத நாட்டில் கணவர் ஒரே அடியில் எல்லோருக்கும் பிள்ளையாகிவிட்டார்.

அப்புறம் அல்ஃப்ரெடோ கிரிஃபின். என் மனதுக்கு மிக நெருங்கியவர் இவர்தான். சாந்தோ டொமிங்கோவில் பிறந்தவர். 1979 இல் சிறந்த புதுமுக விருதை ஜோன் கஸ்டினோவோடு பகிர்ந்தவர். பிறகு ரொனி பெர்னாண்டஸ் வளர்ந்து வர, இவரை ஓக்லாண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1992 இல் திரும்பி வந்தபோது அவருக்கு இருந்தது வாங்கில் ஓர் இடம். வந்தார். 1993 ஒக்டோபர் 23, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஜோன் ஒலெருட்டுக்குப் பதிலாக ஓட இறக்கினார்கள். அதனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் கார்ட்டருக்கு அடுத்து அடிக்க வேண்டியவர் இவர். கார்ட்டர் ஆட்டமிழந்திருந்தால், தொடரின் பாரம் இவர் மட்டைக்கு வந்திருக்கும். கார்ட்டர் அடித்தார், 8-6, நகரமே தெருவுக்கு வந்தது. மட்டையைப் பிடித்தபடி முறைக்குக் காத்து நின்ற கிரிஃபினுக்கு அதுவே கடைசி ஆட்டம். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் போடும்போதெல்லாம் எல்லோரும் கார்ட்டர் துள்ளுவதைப் பார்ப்பார்கள். நான் கிரிஃபினைத் தேடுவேன்.

எர்னி விற் பெயரைச் சொல்லாமல் விட்டால் பெரிய குறை. அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சர்; அணியின் முதல் வருடத்திலிருந்தே இருந்தவர். 1987 செப்டெம்பர் 14 அன்று பால்ரிமோருக்கு எதிராக அணி ஒரே ஆட்டத்தில் 10 ஹோம் ரன் அடித்தது. மேஜர் லீக் சாதனை. அதில் மூன்று விற்றுடையவை. ஆனால் அந்த மோசமான கடைசி வாரத்தில் விலா எலும்பு முறிந்து வெளியே இருந்தார். இரண்டு உலகத் தொடர் வெற்றியும் வருமுன்பே அணியை விட்டுப் போய்விட்டார். மோதிரம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

ஆனால் அவரை இன்னொரு தரம் பார்க்கக் கிடைத்தது. 2015 பான் அமெரிக்கன் விளையாட்டு விழாவின் பேஸ்போல் ஆட்டங்கள், நம்மவர்கள் இவ்வளவு பேர் குடியிருக்கும் ஏஜக்ஸிலேயே நடந்தன. கனடா தேசிய அணியின் மனேஜர் எர்னி விற். மகளைக் கூட்டிக்கொண்டு இறுதியாட்டத்துக்குப் போனேன். பத்தாவது இன்னிங்ஸில் அமெரிக்கா முன்னால். பேஸில் நின்ற பீற் ஓரைப் பிடிக்கப் பிட்சர் எறிந்த பந்து தவறி ஓட, கனடாவுக்கு இரண்டு ஓட்டம். பீற் ஓர் முதலாம் பேஸிலிருந்தே ஓடி வந்து எல்லையில் பாய்ந்து விழுந்தார். 7-6, தங்கம். மைதானமே எழுந்து நிற்க, யார் அந்தத் தலை நரைத்த மனிதர் என்று மகள் கேட்டாள். வீடு போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.