நகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது

முழங்கையிலும் தலையிலும் தோல் செதில் செதிலாக உரிவது எனக்கு எட்டு ஆண்டுகளாகப் பழகிப்போன ஒன்று. சொரியாசிஸ் என்று தெரியும். களிம்பு தடவுவேன், அடங்கும், மறுபடி கிளம்பும். குதிகால் வலி வந்தபோது இதோடு அதை முடிச்சுப்போட எனக்குத் தோன்றவில்லை, செருப்பை மாற்றினேன். ஆறு மாதம் கழித்து, வலது காலில் ஒரு விரல் அடி முதல் நுனி வரை உருண்டு சிவந்து வீங்கியது. எங்கோ இடித்துக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

காலை நேரம்தான் பெரும்பாடு. சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியும், துளைக்குள் தள்ள முடியாது. கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விரல்கள் இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேய்ந்த மூட்டு ஓய்வு கொடுத்தால் தேறும் என்பார்கள். எனக்கோ ஓய்வு இறுக்கியது, நடமாட்டம் இளக்கியது. இதை நான் எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன், வலி மாத்திரை கிடைத்தது.

இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதக் காரணி (முடக்குவாதம் உள்ள பலரின் இரத்தத்தில் காணப்படும் ஒரு புரதம்) இல்லை என்று வந்ததும், "வாதமெல்லாம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அதில் ஓராண்டு போயிற்று. எனக்கு இருந்தது சொரியாசிஸ் மூட்டுவாதம் என்று பின்னால்தான் தெரிந்தது. இந்த நோயில் பெரும்பாலோருக்கு அந்தக் காரணி இருக்காது, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள்கூட இயல்பாக இருக்கலாம். அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அழற்சி அரித்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

கடைசியில் மூட்டுவாத நிபுணர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது என் நகங்களை. விரல்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஊசி முனையால் குத்தியது போன்ற நுண்ணிய குழிகள். கட்டைவிரல் நகம் நுனியில் சதையை விட்டுப் பிரிந்து மஞ்சளித்திருந்தது. பூஞ்சை என்று எண்ணி மாதக்கணக்கில் நான் மருந்து தடவிவந்த நகம் அது. அடுத்து, பின்னங்கால் நாண் குதிகால் எலும்பில் சேரும் இடத்தை அழுத்தினார், துடித்துப்போனேன். "தோல், நகம், விரல், குதிகால் எல்லாம் ஒரே நோய்தான்" என்றார். சொரியாசிஸ் மூட்டுவாதம். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு வரை இது வரக்கூடும். பெரும்பாலும் தோலில் தோன்றிப் பல ஆண்டுகள் கழித்து.

அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையில் தொடங்கினார். வாரத்துக்கு ஒரே நாள். மறந்துபோய்த் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்று மூன்று முறை சொன்னார். ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, தனி டப்பாவில் போட்டு, மூடியில் கிழமையை எழுதி ஒட்டினேன். அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் வேறொரு நாள். குறித்த இடைவெளியில் கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டும். முதல் ஆறு வாரம் பலனே தெரியாமல் நிறுத்திவிடத் துணிந்தேன். இந்த மருந்துக்கு இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பதை முதல் நாளே அழுத்திச் சொல்லியிருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காது.

கை இளகியது, கால்விரல் அடங்கவில்லை. நோய் எதிர்ப்பின் ஒரு பகுதியை அடக்கும் அடலிமுமாப் ஊசிக்கு மாறினோம். அதற்கு முன் காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கும் சோதித்தார்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையில் நானே போட்டுக்கொள்கிறேன். காலை இறுக்கம் கால் மணி நேரத்தில் விடுகிறது. குதிகால் மட்டும் அவ்வப்போது முரண்டுபிடிக்கும்.

என் தங்கைக்கும் முழங்கையில் சொரியாசிஸ் உண்டு. சென்ற மாதம் வந்திருந்தபோது ஜன்னலோரம் உட்காரவைத்து அவள் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மோதிர விரலில் மூன்று குழிகள். "காலையில் எழுந்ததும் கை எத்தனை நிமிடம் இறுகின மாதிரி இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். அடுத்த வாரம் அவளையும் அதே மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன்.