ஃபைலில் எழுதியது ஒன்று, சர்வரில் ஓடுவது ஒன்று

வெப் சர்வர் நிறுவுவது பற்றிய கட்டுரைகளில் பாதி, ஒரு ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையைத் தட்டி, பிரவுசரில் ஐபி முகவரியைப் போட்டு, என்ஜின்எக்ஸ் (Nginx) வெப் சர்வரின் வரவேற்புப் பக்கம் தெரிந்ததும் முடிந்துவிடுகின்றன. உபுண்டு லினக்ஸில் அது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் படிப்பு, அதில் பெரும்பகுதி நாம் எழுதிய அமைப்பு உண்மையிலேயே நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்கப் பழகுவதுதான்.

அப்பாச்சியா என்ஜின்எக்ஸா என்ற சண்டைக்குள் போக வேண்டாம். 1995-இல் வந்த அப்பாச்சி இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் குறைந்த மெமரியில் சமாளிக்கவென்றே எழுதப்பட்டது. நான் இரண்டாவது கட்சி, அவ்வளவுதான்.

முதலில் எஸ்எஸ்ஹெச், அதாவது தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்யும் வழி. பாஸ்வேர்டு லாகினை நிறுத்திவிட்டு கீ (நம் கம்ப்யூட்டரில் இருக்கும் சாவி ஃபைல்) மட்டும் வைத்துக்கொள் என்று எல்லாரும் சொல்வார்கள், சரியான யோசனை. கான்ஃபிக் ஃபைலில் அந்த வரியை ‘நோ’ என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது என்று நினைப்போம், ஆனால் பல கிளவுட் சர்வர்களில் முடிந்திருக்காது. உபுண்டுவில் அந்த ஃபைலின் மேல்பகுதியிலேயே, பக்கத்து ஃபோல்டரில் உள்ள சின்னச் சின்ன ஃபைல்களை உள்ளே இழுக்கும் ஒரு இன்க்ளூட் வரி இருக்கிறது. கிளவுட்-இனிட் (சர்வர் முதல்முறை ஓடும்போது அமைப்புகளைச் செய்யும் கருவி) அங்கே வைத்துவிட்டுப் போன ஃபைலில் ‘யெஸ்’ என்று இருக்கலாம். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால் எஸ்எஸ்ஹெச் முதலில் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்ளும், கீழே நாம் எழுதிய ‘நோ’வைக் கண்டுகொள்ளவே செய்யாது. எஸ்எஸ்ஹெச்டி கட்டளையை மைனஸ் டி போட்டு (‘டெஸ்ட்’டில் வரும் டி, கேப்பிட்டல்) சூடோவோடு (அட்மின் உரிமையோடு) ஓட்டுங்கள், இப்போதைய ஃபைல்களைப் படித்து என்னென்ன மதிப்புகளை எடுத்துக்கொள்ளும் என்று மொத்தப் பட்டியலையும் கொட்டிவிடும். அப்புறம், இந்த வேலை முடியும்வரை பழைய செஷனை மூடாமல் இன்னொரு டெர்மினலில் லாகின் செய்து பாருங்கள்.

ஃபயர்வாலும் இதே கதைதான். யூஎஃப்டபிள்யூவில் (உபுண்டுவின் ஃபயர்வால் கருவி) எஸ்எஸ்ஹெச்சுக்கான 22, வெப்புக்கான 80, 443 ஆகிய மூன்று போர்ட்டுகளையும் திறந்து (எனேபிள் செய்வதற்கு முன்னால் 22, இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள்) மற்றதை அடைத்தாயிற்று. ஆனால் அதே சர்வரில் டாக்கர் (ஆப்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இருந்தால், கன்டெய்னருக்காகத் திறக்கும் போர்ட்டுக்கு அது தனியாக ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகளை எழுதிக்கொள்ளும், யூஎஃப்டபிள்யூவைக் கேட்காது. ஸ்டேட்டஸில் எல்லாம் அடைத்திருப்பதாகக் காட்டும், டேட்டாபேஸ் போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கும். டாக்கரில் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்த சர்வருக்குள் மட்டும் செல்லும் முகவரி) சேர்த்தால் வெளியே போகாது. எதற்கும் உங்கள் லேப்டாப்பிலிருந்து ஒரு என்மேப் (திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டிப் பாருங்கள்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வருகிறது, இணையத்தில் 777 பர்மிஷன் (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கட்டுமா அண்ணா என்று கேட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் ஹோம் ஃபோல்டர் 750 (உரிமையாளரும் அவர் குழுவும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை), அதாவது என்ஜின்எக்ஸ் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனரால் அதைத் தாண்டி உள்ளே நுழையவே முடியாது. கடைசி ஃபைலுக்கு எவ்வளவு பர்மிஷன் கொடுத்தாலும் பயனில்லை, வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அனுமதி வேண்டும். நேம்ஐ என்ற சின்னக் கட்டளை பாதையை ஒவ்வொரு படியாகப் பிரித்துக் காட்டும், எங்கே அடைபட்டிருக்கிறது என்று உடனே தெரியும். சைட்டை வார் (/var) ஃபோல்டருக்குள் மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது.

செக்யூரிட்டி ஹெடர்களில் (பக்கத்தோடு பிரவுசருக்குப் போகும் பாதுகாப்புக் குறிப்புகள்) இன்னும் நுணுக்கமான ஒரு விஷயம். கான்ஃபிக்கில் சைட் முழுவதற்குமான சர்வர் பிளாக்கில் நாலைந்து ஹெடர் சேர்த்திருப்பீர்கள். கீழே படங்களுக்கான லொகேஷன் பிளாக்கில் கேஷுக்காக ஒரே ஒரு ஹெடர் சேர்த்தால் போதும், மேலே எழுதியது எதுவும் அந்த லொகேஷனுக்கு வராது. என்ஜின்எக்ஸின் டெஸ்ட் கட்டளை சின்டாக்ஸ் ஓகே என்றுதான் சொல்லும், எழுத்தில் பிழை இல்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. கர்ல் (டெர்மினலிலிருந்தே பக்கத்தைக் கேட்கும் கட்டளை) போட்டு வருகிற ஹெடரைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான சர்டிஃபிகேட் வாங்கிய கையோடு ஆக்சஸ் லாகைத் (யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவு) திறந்து வையுங்கள். யாருக்கும் சொல்லாத டொமைனாக இருந்தாலும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கம், பாஸ்வேர்டுகள் இருக்கும் டாட் என்வ் ஃபைல், கோடின் வரலாறு இருக்கும் டாட் கிட் ஃபோல்டர் என்று வரிசையாகத் தட்டுவார்கள். எந்த சர்டிஃபிகேட் கொடுக்கப்பட்டாலும் அது பொதுவான டிரான்ஸ்பரன்சி லாகில் பதிவாகும், பாட்கள் (இணையத்தில் தானாகத் துழாவும் புரோகிராம்கள்) அங்கிருந்தே பெயரைப் பொறுக்கிக்கொள்கின்றன. 404 என்றால் விட்டுவிடலாம். டாட் என்வுக்கு 200 (கேட்டது கிடைத்தது) என்றால், ரியாக்ட் ஆப் எல்லாவற்றுக்கும் அதே இண்டெக்ஸ் பக்கத்தைத் தருகிறதா, இல்லை நிஜமாகவே ஃபைல் போய்விட்டதா என்று அனுப்பிய பைட் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் புரியும். என்ஜின்எக்ஸுக்கு சைட்டின் ரூட்டாக முழு புராஜெக்ட் ஃபோல்டரையும் காட்டாமல் பப்ளிக் ஃபோல்டரை மட்டும் காட்டினால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

இலவச சர்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தருவது 90 நாள்தான், அதை வாங்கப் பயன்படும் சர்ட்பாட் கருவி தானாகப் புதுப்பிக்கும். காலாவதியாகப் போகிறது என்று வந்துகொண்டிருந்த நினைவூட்டல் மெயிலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். வெப்ரூட் முறையில் (சைட் ஃபோல்டரில் ஒரு ஃபைலை வைத்து டொமைன் நம்முடையது என்று காட்டுவது) வாங்கியிருந்தால், டிஸ்கில் புது சர்டிஃபிகேட் உட்கார்ந்திருக்கும், ரீலோட் செய்யாத என்ஜின்எக்ஸ் மெமரியில் இருக்கும் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் சர்ட்பாட் ஓட்டும் கட்டளை) ஒரு ரீலோட் வரியைச் சேர்த்துவிட்டு, அடுத்த புதுப்பிப்பு முடிந்ததும் ஓபன்எஸ்எஸ்எல் கட்டளையால் வெளியிலிருந்து இணைத்து, காலாவதித் தேதி மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.